நான்கு நிமிட லோடிங்

"ஆண்டி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க," என்றார் சிவா. "ஸ்கிரீன் மாத்துனா லோடிங் வேகமாவாது. உங்க பிராப்ளம் உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்குல லா. அதுக்கு வயசாயிருச்சு."

எனக்குத் தெரியும். தெரிந்துதான் மானிட்டர் வாங்க வந்திருந்தேன்.

ஜோகூர் பக்கம் ஸ்கூடாயில் மாணவர்கள் மொய்க்கும் ஒரு கடைவரிசையின் மாடியில் இருக்கிறது அந்தக் கணினிக் கடை. முதலாளி, பழுது பார்ப்பவர், பணம் வாங்குபவர் எல்லாமே சிவாதான். சனிக்கிழமை காலை. கீழே கார்கள் நகராமல் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு முன்னால் நின்ற இரண்டு மாணவர்கள் என் முகத்தை ஒரு தடவையும் என் கைப்பையை ஒரு தடவையும் பார்த்தார்கள். மகனுக்கு வாங்க வந்த அம்மா என்று முடிவு கட்டியிருப்பார்கள். மகன் இல்லை, மகள் இல்லை, கல்யாணமே இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் கம்ப்யூட்டரில் கப்பல் ஓட்டுகிறவள் நான்.

"அந்த இருபத்தேழு இஞ்ச் எடுங்க," என்றேன்.

"பழைய டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டுத் தர்றேன் ஆண்டி. மானிட்டர் விலையில பாதிகூட வராது. நாலு நிமிஷம் ஆவுறது பத்து செகண்டுல வந்துரும்."

"வேணாம் தம்பி. மானிட்டரே குடுங்க."

என்னை அவர் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் காது வலி என்று வந்துவிட்டு முட்டிக்குத் தைலம் கேட்கிறவர்களை நானே அப்படித்தான் பார்ப்பேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். பாரமான பெட்டி. வாங்கத் தேவையில்லாத பெட்டி.

சனிக்கிழமை மூன்று மணி

சில வருஷத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்ததைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு என் தம்பி அருள் மட்டும் இரண்டு நாள் தங்கினான். போனவன் அடுத்த மாதம் காரில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அம்மாவின் அறையில் பொருத்தினான். அவன் வீட்டில் புதிது வாங்கிவிட்டதால் ஓரமாகக் கிடந்ததாம்.

"சும்மா டிவி பாத்துக்கிட்டு உக்காராத கா. என்கூட ஆடு."

"எனக்கு என்னடா தெரியும்?"

"நான் சொல்லித் தர்றேன். கப்பல் ஓட்டணும், சரக்கு ஏத்தணும், கொள்ளைக்காரன் வந்தா ஓடணும். அவ்வளவுதான்."

அருள் என்னைவிட ஒன்பது வயது இளையவன். படித்து முடித்த கையோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்தான், அங்கேயே தங்கிவிட்டான். அவன் வீட்டு ஜன்னலில் நின்றால் ஜோகூர் கட்டடங்கள் தெரியும் என்று அவனே பெருமையாகச் சொல்வான். தெரிந்து என்ன புண்ணியம்? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அம்மா நினைவு நாளுக்கு ஒரு தடவை வருவான். மற்ற நாளெல்லாம், இரண்டு ஊரையும் இணைக்கும் பாலத்தின் மேல் பழியைப் போட்டு ஒரே பதில்தான். "பாலத்துல ஜாம் கா."

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கூப்பிடாமல் நான் ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் பக்கங்கள் காலியாகவே கிடந்தன.

ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் மனைவி பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவாள். நாலு மணிக்கு இவன் போய் அழைத்து வர வேண்டும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தம்பியோடு கப்பல் ஓட்டுவேன்.

அந்த நான்கு நிமிடம்

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தீவில் சரக்கை ஏற்றிக்கொண்டு அடுத்த தீவுக்குப் புறப்படும்போது திரை கறுத்துவிடும். அடியில் ஒரு கோடு மெல்ல நிரம்பும். அதற்குப் பெயர் லோடிங். இருவருக்கும் லோடிங் முடிந்து, இருவரும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினால்தான் கப்பல் நகரும். ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும்.

அவனுக்குச் சில நொடிகளில் முடிந்துவிடும். எனக்கு நான்கு நிமிடம். பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போடும்.

அந்த நான்கு நிமிடத்தில்தான் அருள் பேசினான்.

"கா, அம்மா மீன் கறியில புளி எப்ப ஊத்துவாங்க, மொதல்லயா கடைசியிலயா?" என்று ஒரு தடவை. சின்னவள் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடிப்பதை ஒரு தடவை. திங்கட்கிழமை மீட்டிங்கை நினைத்தால் ஞாயிறு ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று ஒரு தடவை. இதையெல்லாம் இவன் வேறு யாரிடமாவது சொல்வானா என்று எனக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் "இடது பக்கம் கா, இடது, பாயை இறக்கு" என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

நானும் பேசினேன். மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது, ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உலகத்தில் முதலில் அவனிடம்தான் சொன்னேன். கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எப்ப கா?"

"செவ்வாக்கிழமை."

"நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

அப்போது கோடு நிரம்பிவிட்டது, அழுத்தினோம், கப்பல் நகர்ந்துவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். விடியற்காலையிலேயே பாலத்தைக் கடந்து வந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி என்று சொன்னார்கள். அன்று மாலையே திரும்பிப் போய்விட்டான்.

போன் எதற்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். போன் செய்து பார்த்தேன். எடுத்தவுடன் "என்ன கா, ஏதும் அவசரமா?" என்பான். அவசரம் இல்லை என்றால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வைக்கிறேன். எங்கள் வீட்டு ஆட்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசி வழக்கமில்லை. வேறு ஏதோ நடப்பதற்காகக் காத்திருக்கும்போதுதான் வாய் திறக்கும்.

காத்திருக்கச் சொல்கிறவள்

காத்திருப்பதைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

முன்பெல்லாம் எங்கள் பெஞ்சில் நடக்காத பேச்சு இல்லை. மருமகள் கதை, பங்களாதேஷ் தொழிலாளியின் ஊர்க் கதை, எந்தக் கடையில் இறால் மலிவு என்பது வரைக்கும். இரண்டு குடும்பங்களுக்கு அந்தப் பெஞ்சிலேயே சம்பந்தம் பேசி முடிந்திருக்கிறது. பிறகு டாக்டர் சுவரில் எண் காட்டும் திரையை மாட்டினார். போனிலேயே நம்பர் எடுத்துக்கொண்டு, முறை வரும்போது மட்டும் வந்தால் போதும் என்று ஆனது. எல்லாருக்கும் வசதிதான். எனக்குத்தான் மத்தியானம் மூன்று மணிக்குத் தூக்கம் வருகிறது.

பெக்கான் நானாஸ் ஊரில் நாங்கள் வளர்ந்த காலத்திலும் இப்படி ஒன்று உண்டு. அன்னாசி ஆலையில் வேலை செய்த அப்பா, யாரோ கழித்துப்போட்ட ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்து டிவியில் மாட்டிக் கொடுத்தார். அதன் அடாப்டர் அரை மணியில் நெருப்பாய்ச் சுடும். "அணைங்க, ஆறட்டும்" என்று அப்பா சத்தம் போடுவார். அது ஆறும்வரை அருள் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு பள்ளியில் நடந்ததையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பான். அப்போது அவனுக்கு ஆறு வயது. என்னை விட்டால் அவனுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வேறு ஆள் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

வெண்ணெய் மாதிரி இருக்குதுடா

போன வருஷம் அருள் கணக்குப் போட ஆரம்பித்தான்.

"கா, ஒரு மணி நேரத்துல ஆறு தீவு போறோம். ஆறு நாலு இருபத்து நாலு. கிட்டத்தட்ட பாதி நேரம் லோடிங்லயே போவுது. மெஷின மாத்து."

"நல்லாத்தானே ஓடுது?"

"எது இழுக்குதோ அத மட்டும் மாத்துனா போதும் கா. முழுசா வாங்க வேணாம்."

எது இழுக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? அதை மாற்றினால் எனக்கு என்ன மிஞ்சும்? அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "நீ காத்திருக்கும்போதுதான்டா என்கூடப் பேசுற" என்று சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவன் கடமைக்காகப் பேசுவான். கடமைக்குப் பேசுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அதனால்தான் அந்த மானிட்டர். அவன் மாற்றச் சொன்னான், நான் மாற்றிவிட்டேன். லோடிங் மட்டும் அப்படியே நான்கு நிமிடம்.

"மானிட்டரா வாங்குன?" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டான். "அலாமாக், கா. சரி, நூத்தி நாப்பத்து நாலு ஹெர்ட்ஸ்தானே, செகண்டுக்கு அத்தன தடவ படம் மாறும்? எப்படி இருக்கு, ஸ்மூத்தா இருக்கா?"

"வெண்ணெய் மாதிரி இருக்குதுடா."

பழையதற்கும் புதியதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அளவுதான் பெரிது. அதற்குக் காரணம் இருந்தது, பிறகுதான் தெரிந்தது.

இந்த ஏற்பாடு ஏழெட்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, லோடிங் நேரத்திலேயே, அவன் சொன்னான்.

"புதுசு ஒண்ணு வந்திருக்கு கா. இதே கப்பல்தான், ஆனா கடல் அப்படியே நெசம் மாதிரி. எஸ்எஸ்டி இல்லன்னா ஓடாது. ஆபீஸ்ல ரெண்டு பேரு கூப்புடுறாங்க. உன் மெஷின்ல ஓடலன்னா சனிக்கெழம அவங்ககூட ஆடிக்கிறேன். நீ ஃபீல் பண்ணாத."

ஃபீல் பண்ணாத என்கிறான். மாற்றினால் நான்கு நிமிடம் போகும். மாற்றாவிட்டால் சனிக்கிழமையே போகும். திங்கட்கிழமை சிவாவுக்குப் போன் செய்தேன்.

ஒன்பது வினாடி

சிவா என் பெட்டியைத் திறந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஏதோ ஒன்றைச் சொருகினார். "இதத்தான் அப்பவே சொன்னேன்," என்று அவர் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. மானிட்டரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார், அதையும் மாட்டிப் பார்த்தார்.

"ஆண்டி, இவ்வளவு நாளா இது அறுபது ஹெர்ட்ஸ்லயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. செட்டிங்ஸ்ல மாத்தவே இல்ல நீங்க."

"மாத்தணுமா?"

"மாத்தாம எதுக்கு ஆண்டி இந்த மானிட்டரு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லக்கூடிய பதில் இல்லை. அவர் எங்கோ தட்டினார். மௌஸ் அம்பு திரையில் வழுக்கிக்கொண்டு போனது. அழகாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை புது ஆட்டம். கடல் நிஜமாகவே கடல் மாதிரி இருந்தது. முதல் தீவு முடிந்து திரை கறுத்தது. அருள் கேட்டான், "வேலையெல்லாம் எப்படி கா போவுது?" நான் "அதேதான்டா, டாக்டரு…" என்று ஆரம்பிக்கும்போதே ஒன்பது வினாடி முடிந்து, பொத்தானை அழுத்தச் சொல்லி எழுத்து வந்துவிட்டது. அழுத்தினோம். "சூப்பர் கா, பாத்தியா வேகத்த," என்றான் அவன். பிறகு ஒரு மணி நேரமும் இடது, வலது, பாயை இறக்கு.

அவன் போனபின் அழுதேன். ஒரு கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டதற்காக அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன். அடுத்த வாரமும் அதே கதைதான். வாரம் முழுக்க நான் சேர்த்துவைத்த சமாச்சாரம் ஒன்றுகூடச் சொல்லப்படாமல் அப்படியே இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை பொய் சொன்னேன்.

"எனக்கு வந்திருச்சு. உனக்கு?" என்று கேட்டான்.

பொத்தானை அழுத்தச் சொல்லி என் திரை கேட்டுக்கொண்டிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் இல்லடா."

"எஸ்எஸ்டி போட்டேன்னு சொன்ன?"

"போட்டேன்டா. என்னமோ இழுக்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி, வரட்டும்," என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, "கா, இந்த வாரம் ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா…" என்று தொடங்கினான்.

அப்படியே வாரங்கள் போயின. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். போதும் என்று தோன்றும்போது "வந்திருச்சுடா" என்று சொல்லி அழுத்துவேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஃபாதருக்கு எஸ்எஸ்டி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டு விளக்குகள்

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை. மத்தியானம் நல்ல மழை. கூரைச் சத்தத்தில் அவன் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருந்தேன். பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு லோடிங்கில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அன்றுதான்.

கறுத்த திரையின் மூலையில் எங்கள் இருவர் பெயரும் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு சின்னக் கப்பல் விளக்கு. பொத்தானை அழுத்தினால் எரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்த விளக்கு.

என் இரண்டு கையும் காதில் இருந்தன. ஒன்பதாவது வினாடியில் என் விளக்கு தானாக எரிந்தது.

அழுத்தியதைக் காட்டுவதற்கு இல்லை அது. லோடிங் முடிந்துவிட்டது என்று காட்டுவதற்கு. என் திரையில் தெரிவது அவன் திரையிலும் தெரியும். அப்படியென்றால் இத்தனை வாரமும், நான் "இன்னும் இல்லடா" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், என் பெயருக்குக் கீழே விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் இருந்திருக்கிறான். அந்த முதல் பொய்க்குப் பிறகு வந்த மௌனம் அதனால்தான்.

மானம் போனது என்று முகமெல்லாம் சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும், செட்டிங்ஸ் மேல் பழியைப் போடலாமா, சிவா மேல் போடலாமா என்று மனம் ஓடியது. அப்புறம்தான் அவன் பெயருக்குக் கீழே பார்த்தேன்.

அவன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பார்த்தேன். "எனக்கு வந்திருச்சு" என்று அவன் கடைசியாகச் சொன்னது எப்போது? அந்த மூன்றாவது சனிக்கிழமைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவே இல்லை. லோடிங் முடிந்தும் சொல்லாமல் அவனும் என்னோடு காத்திருந்திருக்கிறான்.

"அருளு."

"ம்?"

"உனக்கு வந்திருச்சாடா?"

அவன் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"இல்ல கா. எனக்கும் இன்னும் வரல," என்றான்.

"சரிடா. மெதுவா வரட்டும்."

அன்று அவன் நிறையப் பேசினான் என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் போலவே இருட்டிக்கொண்டு வருகிறது என்றான். இங்கேயும் அப்படித்தான் என்றேன். மூத்த மகனுக்கு மீசை அரும்புகிறது, தன்னிடம் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்றான். அந்த வயது அப்படித்தான் என்றேன். நீ அப்படி இல்லையே என்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டேன். மழை பாலத்துக்கு அந்தப் பக்கமும் பெய்துகொண்டிருந்தது. அவன் மைக்கில் அது எனக்குக் கேட்டது.

"உன் மெஷினு இப்ப சரியா இருக்கு கா," என்றான் கடைசியில். "இப்படியே வச்சுக்க."

நாங்கள் அன்று ஒரு தீவுக்கும் போகவில்லை. நாலு மணிக்கு அவன் பிள்ளைகளை அழைக்கக் கிளம்பினான். முதலில் அவன் பெயருக்குக் கீழே விளக்கு அணைந்தது. நான் என் விளக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.